பாதிக்கு மேல் டீசல்

ஜெலுத்தோங் சாலையில் படகுத்துறையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. உடம்பில் காவல்காரச் சட்டை, துவைத்த துணி அது ஒன்றுதான் இருந்தது. சனிக்கிழமை காலை, ஏழு மணி ஆகவில்லை. எட்டு மாதம் தங்கியிருந்த வீட்டைவிட்டு வந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். சாவியைச் சமையலறை மேசையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரும்புக் கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தியிருந்தேன். சொல்லிக்கொண்டு கிளம்பும் பழக்கம் எனக்குக் கிடையாது. சொன்னால் இரு என்பார்கள், அல்லது இரு என்று சொல்லாமல் இருப்பார்கள். இரண்டுமே கஷ்டம்.

அன்று மதியம் ஒரு மணிக்கு அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பரீட்சை. அவள் போகப்போவதில்லை என்று முந்தின நாள் மாலை சொல்லிவிட்டாள். அதற்குக் காரணம் நான்தான் என்று வீட்டில் இருந்த மூன்று பேரும் ஒத்துக்கொண்டிருந்தோம். அவள், அவள் புருஷன், நான்.

புருஷன் லாரி ஓட்டுநர். அவனை மச்சான் என்று கூப்பிடுவேன். ஒரு காலத்தில் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோனோம். அவன் ஓட்டினான், நான் ஏற்றி இறக்கினேன். அதற்குப் பிறகு நான் கப்பல் கழுவினேன், ஈப்போவில் கோழி வெட்டினேன், ஜோகூரில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் இடது கைச் சுண்டுவிரல் நுனியை விட்டுவிட்டு வந்தேன். பினாங்குக்குத் திரும்பியபோது கெலுகோரில் ஓர் அடுக்குமாடியில் ஜாகா வேலை, காவல்காரன் வேலை, கிடைத்தது. வாசலில் உட்கார்ந்து வருகிற வண்டியின் எண்ணை எழுத வேண்டும். மச்சான் தன் வீட்டில் சமையலறையை ஒட்டிய அறையைக் கொடுத்தான். சம்சாரத்தைக் கூப்பிட்டு, “இவன் எனக்கு மச்சான்னா ஒனக்கு அண்ணன். சண்டை போடணும்னா நேராப் போடு, என் வழியாப் போடாத” என்றான். அப்படித்தான் அவள் எனக்குத் தங்கச்சி ஆனாள்.

தங்கச்சி பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தாள். அங்கே வருடத்துக்கு ஒருவரை மேல்படிப்புக்கு அனுப்புவார்கள். படிக்கிற இரண்டு வருடமும் வேலை போகாது. முப்பத்தாறு வயதுக்குள் இருக்க வேண்டும், பல்கலைக்கழகம் கேட்கிற நுழைவுத் தேர்வில் கேட்கிற புள்ளியை எடுத்திருக்க வேண்டும். தங்கச்சிக்கு முப்பத்தைந்து முடியப்போகிறது. புள்ளியைத் திங்கட்கிழமைக்குள் காட்ட வேண்டும். ஆகவே அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு சனிக்கிழமைதான்.

ஒரு தடவை எழுதிப் பார்த்திருக்கிறாள். பாதிவரை நன்றாகப் போயிருக்கிறது. அப்புறம் கண்காணிப்பாளர் ஒருவர் நாற்காலிகளுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்திருக்கிறார். சப்பாத்துச் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதும் கை நின்றுவிட்டது. திரையில் இருந்த எழுத்து எந்த மொழி என்றுகூடத் தெரியவில்லை என்று சொன்னாள். மிச்சக் கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எதையோ அழுத்திவிட்டு வந்திருக்கிறாள்.

இதைக் கேட்டு மச்சான்தான் வழி சொன்னான்.

“நம்ம வீட்டுலயே ஒரு ஜாகா தின்னுட்டுச் சும்மா கெடக்கிறான். அவன ஒம் முன்னால உக்கார வெச்சுப் படி. பாத்துப் பாத்துப் பயம் போயிரும்.”

“சட்டையோடயா?” என்றாள்.

“சட்டையோடதான்லா. சட்டை இல்லன்னா இவன் மூஞ்சிக்கு எவன் பயப்படுவான்?”

சிரித்துக்கொண்டேதான் தொடங்கினோம். நான் வேலை முடிந்து ஆறு மணிக்கு வருவேன். சட்டையைக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையின் மறுபக்கம் உட்காருவேன். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே கடிகாரம். நாற்பது நிமிடம், இருபது கேள்வி. நான் “ஆரம்பி” என்றால் ஆரம்பிப்பாள், “வை” என்றால் பென்சிலை வைப்பாள். புத்தகம் பல்கலைக்கழகப் பக்கம் பழைய கடையில் வாங்கியது, செங்கல் கனம். கடைசியில் விடைத்தாள்கள். விளக்கம் எதுவும் இல்லை, எண்ணும் எழுத்தும் மட்டும். கையில் இருந்தால் பார்க்கத் தோன்றும் என்று அந்தத் தாள்களை அடிக்கோல் வைத்துக் கிழித்து என்னிடம் கொடுத்துவிட்டாள்.

“நான் அழுதாலும் குடுக்காதீங்கண்ணே. நீங்களே திருத்துங்க. எனக்கு மார்க் மட்டும் சொல்லுங்க, தப்பானதுக்குச் சரியான எழுத்தச் சொல்லுங்க. தாள் என் கண்ணுல படக்கூடாது.”

தாள்களை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் படிவம்வரை, ஒன்பதாம் வகுப்பு மாதிரி. அதிலும் கடைசி வருடம் பாதி நாள் போகவில்லை. ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கப் படிப்பு தேவையில்லை என்றுதான் நினைத்தேன்.

திருத்தி முடித்ததும் தப்பான கேள்விகளைத் தமிழில் எனக்குச் சொல்லுவாள். யாருக்காவது விளக்கினால்தான் தனக்கே புரிகிறது என்பாள். அதில் ஒரு வகைக் கேள்வி எனக்குப் பிடித்துப்போனது. கேள்வியைக் கேட்டுவிட்டு, கீழே இரண்டு தகவல் தருவார்கள். விடையைக் கண்டுபிடிக்கச் சொல்ல மாட்டார்கள். கண்டுபிடிக்க இந்தத் தகவல் போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் தகவல் மட்டுமே போதும் என்றால் ஏ. இரண்டாவது மட்டுமே போதும் என்றால் பி. இரண்டும் சேர்ந்தால்தான் முடியும் என்றால் சி. தனித்தனியாகவே இரண்டும் போதும் என்றால் டி. எல்லாம் சேர்ந்தாலும் போதாது என்றால் இ. நான் எந்த ஊருக்குப் போனபோதும் எந்த வேலைக்குச் சேர்ந்தபோதும் தகவல் போதுமா என்று யோசித்ததில்லை. போதாமலேதான் போயிருக்கிறேன். அதை ஒரு கேள்வியாகவே அச்சடித்து வைத்திருப்பார்கள் என்று நினைக்கவில்லை.

முதல் நான்கு பயிற்சியில் அவள் எடுத்தது பதினைந்து, பதினாறு, பதினாறு, பதினேழு. பதினைந்துக்குக் குறையாமல் வந்தால் பல்கலைக்கழகம் கேட்கிற புள்ளி கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மச்சான் அன்று கோழிக்குழம்பு வாங்கி வந்தான்.

“உக்காந்து பாக்கிறது பத்தாது. அங்க நடப்பாங்கல்ல? நீயும் நட. சப்பாத்து போட்டு நட” என்றான்.

ஐந்தாம் பயிற்சியிலிருந்து நடந்தேன். மேசையைச் சுற்றி, அவள் நாற்காலிக்குப் பின்னால் கொஞ்சம் நின்று, மறுபடியும் நடந்து. பென்சில் இரண்டு மூன்று இடத்தில் நின்றது, ஆனால் மறுபடி ஓடியது. முடிந்ததும் தாளை எடுத்து ஒத்துப் பார்த்தேன். இருபதுக்கு ஐந்து.

இரண்டாவது தடவையும் ஒத்துப் பார்த்தேன். ஐந்துதான்.

ஆறாம் பயிற்சியில் நான்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நாள் இடைவெளி விட்டாள், அமைதியாக இருக்கட்டும் என்று. நானும் மெதுவாகத்தான் நடந்தேன். அந்த நாட்களில் வீட்டில் யாரும் தொலைக்காட்சி போடவில்லை. மச்சான் சாப்பிட்டுவிட்டுக் கீழே போய் வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருப்பான். தங்கச்சி தட்டைக் கழுவும்போது உதடு மட்டும் அசையும். கேள்விகளைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஆறாம் பயிற்சியில் ஒரு கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு டாங்கியில் பாதிக்கு மேல் டீசல் இருந்ததா என்று கேட்டிருந்தார்கள். முதல் தகவல், அதிலிருந்து பத்து லிட்டர் எடுத்த பிறகு சரியாகப் பாதி இருந்தது. இரண்டாவது தகவல், டாங்கி மொத்தம் இருநூறு லிட்டர் கொள்ளும். அவள் ஏ போட்டிருந்தாள். என் கையிலிருந்த தாளில் சி.

எனக்கும் ஏ என்றுதான் தோன்றியது. லாரியில் இருந்தபோது டாங்கியில் குச்சி விட்டு எத்தனையோ தடவை டீசல் அளந்திருக்கிறேன். எடுத்த பிறகு பாதி இருந்தால், எடுப்பதற்கு முன்னால் பாதிக்கு மேல் இருந்திருக்கும். டாங்கி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன? ஆனால் தாளில் சி என்று அச்சடித்திருந்தது. நான் சி என்றேன். அவள் வெகுநேரம் புத்தகத்தைப் பார்த்தாள்.

“ஆமாண்ணே” என்றாள் கடைசியில். “டாங்கி எவ்ளோ பெருசுன்னு தெரிஞ்சாத்தானே பாதின்னா எவ்ளோன்னு சொல்ல முடியும். அது தெரியாம நான் அவசரப்பட்டுட்டேன்.” ஓரத்தில் பென்சிலால் எழுதி அடிக்கோடு போட்டாள். ‘மொத்த அளவு வேண்டும்.’

நான் அடுத்த கேள்வியின் எழுத்துக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஏழாம் பயிற்சி. மச்சான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த வாரம்தான் ஜாகா வேலை போயிருந்தது, அடுக்குமாடிக்காரர்கள் ஆளை மாற்றிவிட்டார்கள். இருந்தாலும் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தேன். திருத்தினேன்.

“எத்தன?” என்றாள்.

“ஆறு.”

அவள் புத்தகத்தை மூடினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“நாளைக்கு நான் போகல.”

“ஏய்…” என்றான் மச்சான்.

“போகலன்னா போகல. பின்னால ஆள் நடந்தா எனக்கு மூள நின்னுருது. அங்க நடக்காம இருப்பாங்களா? அண்ணன் நடக்கிறதுக்கே ஆறு வருது. போன தடவ மாரியே கண்ண மூடிக்கிட்டு அமுக்கிட்டு வரணுமா?”

மச்சான் என்னைப் பார்த்தான். “நீ என்னாலா, யான மாரி நடக்கிற?” சிரிக்க வைக்கத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அதை அவனும் கண்டு, வேறு குரலில், “நடக்கச் சொன்னது நான்தான். ஒன்ன ஒண்ணும் சொல்லல” என்றான். சொல்லவில்லை என்று சொன்னதிலேயே எல்லாம் இருந்தது. மறுநாள் விடிவதற்கு முன்னால் அவன் லாரிக்குக் கிளம்பிப் போனான். அதற்குப் பிறகு நான்.

படகுத்துறைக்கு வந்தபோது எட்டு மணி. எதிர்க்கரைக்குப் போய், அங்கிருந்து எங்கே என்று அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம் என்று இருந்தேன். ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும் கோப்பியும் வாங்கிக்கொண்டு நடைபாதை ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். கையெல்லாம் சம்பல் எண்ணெய். துடைக்கத் தாள் தேடியபோது சட்டைப் பையில் விடைத்தாள்கள் இருந்தன. இனி அவளுக்குத் தேவைப்படாது என்று ஒன்றை உருவி விரித்தேன்.

பயிற்சி ஐந்து என்று இருந்தது. துடைக்கப் போனவன் நின்றுவிட்டேன். அந்தத் தாளின் எழுத்துகள் எனக்குப் பழக்கமில்லாதவையாக இருந்தன. ஐந்தாம் பயிற்சியை நான் இரண்டு தடவை ஒத்துப் பார்த்தவன், முதல் வரி எனக்கு மனப்பாடம். இது அது இல்லை.

கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு எல்லாத் தாளையும் வெளியே எடுத்தேன். இன்னொரு ஐந்து இருந்தது. இரண்டு ஆறு, இரண்டு ஏழு. ஒவ்வொரு தாளின் உச்சியிலும் எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி. ஒன்றில் முதல் பாகம், கணக்கு. மற்றதில் இரண்டாம் பாகம், ஆங்கிலம். ஆங்கிலத்தில் அவளுக்குப் பயமில்லை, அந்தப் பாகத்தை நாங்கள் தொடவே இல்லை. அதற்கும் பயிற்சி ஒன்றிலிருந்துதான் எண் ஆரம்பிக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அவள் கிழித்துக் கொடுத்தபோது தாள்கள் வரிசையாக இருந்தன. நான்காம் பயிற்சி முடிந்த மறுநாள் வேலையிலிருந்து வரும்போது பெரிய மழை. சட்டைப் பை நனைந்து, தாள்களை அறையில் காற்றாடிக்கு அடியில் பரப்பிக் காயவைத்தேன். காய்ந்ததும் அடுத்து வேண்டிய எண்களை ஒரு மூலையிலிருந்து பொறுக்கி மேலே அடுக்கி, மிச்சத்தை அப்படியே கீழே வைத்தேன். உச்சி வரியைப் பார்க்கவில்லை.

ஆங்கிலப் பாகத்தின் விடையை வைத்துக் கணக்கைத் திருத்தியிருக்கிறேன். மூன்று தடவை. மழை வந்ததும் நான் நடக்க ஆரம்பித்ததும் ஒரே நாளில். நாங்கள் மூன்று பேரும் நடையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

ஃபெர்ரி வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏற வேண்டியவர்கள் வரிசையாக நகர்ந்தார்கள். நானும் எழுந்து நின்றேன். உண்மையைச் சொல்வதென்றால் கொஞ்ச நேரம் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். விட்டு வந்த இடத்துக்கு நான் திரும்பிப் போனதில்லை. விரல் நுனி போன பட்டறையில் பத்து நாள் சம்பளம் பாக்கி இருந்தபோதும் போனதில்லை. தங்கச்சி கைப்பேசிக்கு அடித்தேன், அணைத்து வைத்திருந்தாள். மச்சானுக்கு அடித்தேன், மணி அடித்து அடித்து நின்றது. அவன் எங்கேயாவது எடை மேடையில் நின்றிருப்பான். மணி எட்டு இருபது. ஒரு மணிக்குப் பரீட்சை.

பேருந்து நிற்கும் பக்கம் ஓடினேன்.

சனிக்கிழமைப் போக்குவரத்து. பாசார் பக்கம், சந்தைக் கூட்டத்தில், வண்டி பத்து நிமிடம் நகரவில்லை. இறங்கி மிச்ச தூரத்தை நடந்தும் ஓடியும் போனேன். மின்தூக்கி மேலேயே நின்றுகொண்டிருந்தது, ஏழு மாடியும் படியில் ஏறினேன். ஒன்பதரை ஆகிவிட்டது.

தங்கச்சி கதவைத் திறந்தாள். முழங்கைவரை ஈரம், குளியலறை தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“சாவிய வெச்சிட்டுப் போனீங்க. இப்ப என்னத்த மறந்தீங்க?”

“புத்தகத்த எடு தங்கச்சி.”

“பழைய பேப்பர்கூடக் கட்டிப் போட்டாச்சு.”

“அவுத்து எடு. நான் தப்பாத் திருத்திட்டேன். அஞ்சு, ஆறு, ஏழு மூணும் தப்பு. இங்கிலீஷ் பாகத்து விடைய வெச்சுக் கணக்கத் திருத்திட்டேன்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். கை நீர் தரையில் சொட்டியது.

“நான் போகணும்னு பொய் சொல்றீங்க. பாவம் பாத்து.”

“பாவம் பாத்துப் பஸ் ஏறி வர்ற ஆளா நான்?”

அது அவளுக்கு நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். போய்க் கட்டை அவிழ்த்தாள். தாள்களை அவள் கையிலேயே கொடுத்தேன். முதல் தடவையாக அவற்றைப் பார்த்தாள். உச்சி வரியைப் படித்தாள், கீழே போகவே இல்லை, அந்த ஒரு வரியையே கொஞ்ச நேரம் படித்தாள். பிறகு நின்றபடியே திருத்தினாள். ஐந்தாம் பயிற்சி பதினாறு. ஆறு, பதினேழு. ஏழாவதைத் திருத்தும்போது நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அதிலும் பதினேழு.

சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஆறாம் பயிற்சியின் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் தள்ளினாள். டீசல் டாங்கி.

“இதுக்கு ‘ஏ’தான் சரி. நான் ‘ஏ’தான் போட்டேன். அப்புறம் நீங்க ‘சி’ன்னு சொன்னதும் நானே ஒரு காரணத்தக் கண்டுபுடிச்சு எழுதி வெச்சிருக்கேன், பாருங்க. கோடு வேற போட்டிருக்கேன். இந்த மாரி எத்தனைக்கு நான் காரணம் கண்டுபுடிச்சேன்னு எனக்கே தெரியல. எல்லாம் மண்டைக்குள்ள போயிருச்சு. இன்னிக்கு இத வெச்சுக்கிட்டு நான் எப்படிண்ணே உக்காருவேன்?”

“எனக்கும் ‘ஏ’ன்னுதான் தோணுச்சு” என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“தோணுச்சா?”

“டீசல் அளந்திருக்கேன்ல.”

“அப்ப ஏன் வாயத் தொறக்கல?”

“மூணாம் படிவம் படிச்சவன் போய்ப் புத்தகத்தத் தப்புன்னு சொல்லுவானா?”

“டிகிரி வாங்கின நானே சொல்லல” என்றாள். குரல் மட்டும் இறங்கியது, கோபம் இறங்கவில்லை. அழிப்பானை எடுத்து ஓரத்தில் எழுதியிருந்ததைத் தேய்க்க ஆரம்பித்தாள். தாள் கிழிகிற மாதிரி தேய்த்தாள். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். மூன்று பயிற்சிகளின் ஓரத்தையும் தேய்த்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

மணி பத்தரை.

“எட்டாம் பயிற்சி பாக்கி இருக்கு” என்றாள். “பத்துக் கேள்வி. இருவது நிமிசம். நீங்க நடங்க.”

“நடக்கணுமா?”

“நடந்தாத்தான் தெரியும். நடையாலயா, இல்லையான்னு. சப்பாத்தோட நடங்க. பின்னால வந்து நில்லுங்க, எப்பவும் விட அதிகமா நில்லுங்க.”

அந்த இருபது நிமிடம் எனக்கு அந்த வீட்டில் இருந்த எட்டு மாதத்தைவிட நீளமாக இருந்தது. ஆரம்பி என்றேன். நடந்தேன். என் சப்பாத்து தரை ஓட்டில் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று அப்போதுதான் கேட்டேன். அவள் பின்கழுத்தில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. பின்னால் போய் நின்றேன். பென்சில் நின்றது. நகர்ந்துவிடலாமா என்று கால் துடித்தது, நகரவில்லை. கீழே ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பாமல் கிளம்பாமல் உறுமியது. பென்சில் ஒரு கோடு போட்டது, ஒரு எண்ணை எழுதியது, பிறகு ஓடியது. மறுபடி போய் நின்றேன். இந்த முறை அது நிற்கவில்லை.

“வை.”

திருத்தியது அவள்தான். உச்சி வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருத்தினாள். பத்துக்கு எட்டு.

“போறேன்” என்றாள். என்னிடம் சொன்னாளா, கடிகாரத்திடம் சொன்னாளா தெரியாது. குளித்து உடை மாற்றி வந்தாள். கைப்பேசியில் கார் கூப்பிட்டாள். நானும் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உதட்டை அசைத்துக்கொண்டு வந்தாள். பரீட்சைக் கட்டடத்தின் வாசலில் அடையாள அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு கைப்பையை என்னிடம் கொடுத்தாள்.

“இங்கயே இருங்க. ஓடிராதீங்க.”

மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்த வாசலில் பெண்பிள்ளையின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்த ஜாகா ஒரு வயதான மலாய்க்காரர். என் சட்டையைப் பார்த்துவிட்டு எந்தக் கட்டடம் என்று விசாரித்தார். வேலை போய்விட்டது என்றேன். தலையாட்டினார். நடுவில் மச்சான் கூப்பிட்டான்.

“எங்கலா இருக்க? அவ போனு கெடக்கல.”

நடந்ததைச் சொன்னேன். எதையும் விடவில்லை. அவன் பக்கத்தில் லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“மடையா” என்றான். எஞ்சினை அணைத்துவிட்டு, “உள்ள போயிட்டாளா?” என்றான்.

“போயிட்டா.”

“அப்ப நகராத. அவ வெளிய வரும்போது அங்க யாராச்சும் இருக்கணும்.”

நாலரைக்கு வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. படியில் என் பக்கத்தில் இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். கைப்பையைக் கொடுத்தேன். அதைத் திறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நடந்தாங்களா?” என்றேன்.

“நடந்தாங்க. பொம்பள ஒருத்தி. ரப்பர் சப்பாத்து, உங்கள மாரி சத்தமே இல்ல.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஆனா அந்த டாங்கி மாரியே ஒரு கேள்வி வந்துச்சுண்ணே. வேற ஏதோ சாமான். பாத்ததும் கை ‘சி’க்குப் போயிருச்சு. அமுக்கப் போனேன். அப்புறம் அழிச்சதெல்லாம் ஞாபகம் வந்து, முதல்லேருந்து யோசிச்சேன். அந்த ஒரு கேள்விக்கு அஞ்சு நிமிசம் போயிருச்சு. கடைசி மூணு கேள்விக்கு நேரம் இல்ல. சும்மாதான் அமுக்கினேன்.”

புள்ளி எத்தனை என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

“திரையில புள்ளி காட்டினாங்க. கேட்டதுக்கு மேல பத்து.”

“கெடச்சிருச்சா?”

“கெடச்சிருச்சு.” அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், கைப்பையில் முகத்தை வைத்துக்கொண்டு. ஜாகா கண்ணாடிக் கதவு வழியாக எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கார் வந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க திரும்பி வந்தீங்க. வராம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனா அந்த எட்டு நாள நான் இன்னிக்கே மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேண்ணே. பொய்யாப் போயிரும்.”

“சொல்ல வேணாம்” என்றேன்.

“சோறு சாப்புடணும்னா வாங்க. சாவி மட்டும் மேசையிலயே இருக்கட்டும் கொஞ்ச நாளு.”

சரி என்றேன். அவளிடமிருந்து நான் எதிர்பார்த்ததைவிட அது அதிகம். கார் போனது. நான் ஃபெர்ரி ஏறவில்லை. காலையில் ஏறாமல் விட்ட பிறகு அதில் ஏறுவதற்கு அன்று மனம் வரவில்லை. தெரிந்த ஒருவன் வேலை செய்த பட்டறையின் பின்கட்டில் அட்டையை விரித்துப் படுத்தேன்.

மறுநாள் காலை ஜெலுத்தோங் பாசாரை ஒட்டி வெங்காயம், மிளகாய், பருப்பு மொத்தமாக விற்கிற ஒரு கடைக்குப் போய் நின்றேன். லாரியில் வருகிற மூட்டையைச் சீட்டோடு ஒத்துப் பார்த்து இறக்க ஆள் வேண்டும் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்காரர் தமிழ் முஸ்லிம், அறுபது வயதிருக்கும், தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“படிக்கத் தெரியுமா?”

“தெரியும்ணே.”

“எதுவரைக்கும்?”

“மூணாம் படிவம்.”

“மூட்டைக்கு அது போதும். எத்தன நாளு இருப்பே? ரெண்டு நாள்ல ஓடிருவியா?”

“தெரியலண்ணே.”

“தெரியலன்னு சொன்ன மொதல் ஆளு நீதான்லா. எல்லாரும் சாகிற வரைக்கும் இருப்பேன்னு சொல்லிட்டு மத்தியானம் போயிருவான்.” வாசலில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு லாரிகள் நின்றன. ஒரு கற்றைச் சீட்டை என் கையில் திணித்தார். “ம், ஆரம்பி. மொத வண்டி.”

“இந்தச் சீட்டு எந்த வண்டிக்குண்ணே?”

“மூட்டையத் தொடவே இல்ல, அதுக்குள்ள கேள்வியா? மேல எழுதியிருக்கு பாரு.”

பார்த்தேன். உச்சி வரியில் வண்டி எண் இருந்தது. வெளியே போய் லாரியின் முன்பக்கம் நின்று அதே எண்தானா என்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, பின்கதவின் கொண்டியைத் தட்டி இறக்கினேன்.